கண்ணாடிக்கு முன்னால் நின்ற கோடு

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளி அக்கா என்று பெயர். படம் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் நிறுவனத்தின் இணையதளம் அவள் கைவேலை. ஒரே அறையின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஒரு கோடு வைப்பாள். கோட்டை விரலால் இழுத்தால் ஓட்டை உடைசல் எல்லாம் மறைந்து பளபளவென்று புது அறை வரும். பெரிய மனிதர்கள்கூட இழுத்து இழுத்து விளையாடுவார்கள். ஊரை மயக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று அவளே சிரிப்பாள்.

படங்களை எடுத்துக் கொடுத்தது அவள் கணவன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள், கேமராவுக்கான மூன்று கால் ஸ்டாண்டை மட்டும் தொடமாட்டான். "என் தோள் போதும்" என்பான். மாதங்கள் கழித்து வந்தாலும் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்று புதிய படத்தை எடுப்பான். இரண்டும் அப்படிப் பொருந்தும். போன மாதம் மாரடைப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் பாதியில் விட்டுப்போனது ஒரு படுக்கையறை. பழைய படம் அவனுடையது. புதியதை எடுத்தவர் வேறொருவர், அவனைவிட ஒரு சாண் குள்ளம். இரண்டும் பொருந்தாமல் அவளைப் படாத பாடு படுத்தின. இழுத்தும் சாய்த்தும் ஒருவழியாகப் புதிய படத்தை அவன் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். அவன் பார்த்தேயிராத அறை, அவனே பார்ப்பதுபோல் திரையில் நின்றது.

அப்போதுதான் பழைய படத்தின் ஓரத்தில் இருந்த அலமாரிக் கண்ணாடியைக் கவனித்தாள். அதற்குள் அவன் கேமராவும் கையுமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். புதிய படத்தில் அங்கே வெறும் சுவர். கோட்டை இழுத்தாள், போனான். திருப்பி இழுத்தாள், வந்தான். மதியம் முழுக்க இதே வேலை. பயமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில், கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே கோடு நின்றுவிடும்படி செய்துவைத்தாள்.

மறுநாள் காலை முதலாளி வந்து இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, இதுக்கு மேல போகமாட்டேங்குது?"

"போகாது சார்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் இருப்பது யாரென்று தெரிந்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

"ஓரத்தை வெட்டிடலாமாம்மா?"

"வெட்டினாலும் அதேதானே சார்."

"அந்த வீட்டம்மா, படம் எப்ப வரும்னு காலையிலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

கோடு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினாள். கோடு கடைசிவரை ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் முறை. வாழ்க்கையில் முதல்முறையாக, சரிபார்க்காமல் வீட்டம்மாவுக்கு அனுப்பினாள். முதலாளியும் கேட்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் அந்த வீட்டம்மாவின் குரல் செய்தி அவள் போனுக்கு வந்தது.

"கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேங்க. ரொம்ப நல்லா இருக்கு. பழசு இருந்த தடமே தெரியல."