அண்ணாவிடமிருந்து புதுப்பந்தை யார் வாங்குவது?

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அண்ணா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருப்பவர்களுக்கும், வேலை வீட்டில் விடுமுறை கிடைக்காமல் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணாவைப் பற்றி நல்லதாக நான்கு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நல்லதாக எழுதுவது சுலபம். அவரில் நல்லது நிறைய இருந்தது. ஆனால் அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அவர் மேலும், இந்த மலரைப் பிடித்திருக்கும் உங்களில் பலர் மேலும். அதை விட்டுவிட்டு எழுதினால் அது அண்ணாவைப் பற்றிய கட்டுரையாக இராது.

அண்ணா கரவெட்டியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசினார். தபால் கந்தோரில் வேலை பார்த்த ஐயா இளம் வயதில் காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தார். இரண்டு தங்கைமாரின் கலியாணமும் முடிந்தபிறகுதான் தன் கலியாணத்துக்குச் சம்மதித்தார். எண்பதுகளின் நடுவில் ஊரில் இருக்க முடியாமல் வெளிக்கிட்டு, எங்கெங்கோ அலைந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார். முதலில் மாடிப்படிகள் கழுவினார். பிறகு லிபெர்த்தா பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் வயதான இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் வேலை கிடைத்தது. இறுதிவரை அந்த வீடுதான்.

சிஞ்ஞோராவின் சிநேகிதிகள், “உன் வீட்டு ஆளைப் போல எங்களுக்கும் ஒருவர் வேண்டும்” என்று கேட்கத் தொடங்கினார்கள். சிஞ்ஞோரா அவர்களை அண்ணாவிடமே அனுப்பினார். அண்ணா ஆள் தேடிக் கொடுத்தார். பிந்தி வந்தவர்களுக்கு வேலை வீட்டில் எப்படி நடந்துகொள்வது, காப்பி எப்படிப் போடுவது என்று தன் வீட்டுச் சமையலறையில் வைத்துக் காட்டினார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகிறவர்களோடு விடியற்காலையில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் வரிசையில் நின்றார். யாரிடமும் எந்தக் கைமாறும் வாங்கியதில்லை. பின்னால் வந்த என்னை, சொத்துப் பத்திரங்கள் பதியும் ஒரு நொத்தாரியோவின் வீட்டில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அங்கே நான் நாயை உலாத்தக் கூட்டிப்போனேன்.

பெர்மெஸ்ஸோ கிடைத்து எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிட்ட தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் கிரிக்கெட் அணியைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஃபவோரிட்டா பூங்காவில், மலையடிவாரத்துப் புழுதி நிலத்தில், மின்கம்பிக்குச் சுற்றும் பிளாஸ்டிக் நாடா ஒட்டிய டெனிஸ் பந்தால் ஆடினோம். அணித் தலைவர் அண்ணா. அம்பயர் நான். உலாத்த வருகிற பலெர்மோக்காரர்கள் நின்று பார்த்துவிட்டு, “பேஸ்பால், பேஸ்பால்” என்று பிள்ளைகளுக்கு விளக்குவார்கள். ஆரம்பத்தில் திருத்தினோம். பிறகு விட்டுவிட்டோம்.

ஆட்டம் முடிந்தபின், அண்ணி கட்டிவரும் சோற்றுப் பார்சல்களைப் பிரிக்கும் முன், பைன் மரங்களின் கீழ் நடப்பதற்கு அண்ணா ‘விசாரணை’ என்று பெயர் வைத்திருந்தார். அன்று சரியாக ஆடாதவர் நடுவில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவர் முகத்துக்கு நேரே பிழை சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. அடுத்த கிழமை யார் முதல் ஓவர் போடுவது, யார் இரண்டாவது, யார் வெளியில் என்பதெல்லாம் அங்கேயே தீர வேண்டும். முதுகுக்குப் பின்னால் கதைப்பதை அண்ணா வெறுத்தார். ஊரில் குடும்பங்கள் அதனால் பிரிந்ததைப் பார்த்தவர்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்யும் கேதீஸ் நடுவில் இருந்த ஒரு நாள் நினைவிருக்கிறது. இடக்கையால் வேகமாகப் போடுகிறவர். அன்று வைட் பந்துகளாகவே போட்டுத் தள்ளியிருந்தார்.

“தம்பி, விக்கெட் இஞ்சை இருக்கு. நீ பகேரியா ஸ்டேசனுக்குப் போடுறாய்” என்றார் யோகன். ஒரு வயதான வக்கீலை, அவ்வொக்காத்தோவை, வீட்டில் பராமரிக்கும் யோகன் எங்கள் அணியில் வாயால்தான் நன்றாக ஆடுவார்.

“கணவாய் உரிச்ச கை. பந்து வழுக்குது போலை” என்றார் இன்னொருவர்.

அண்ணா சிரிக்கவில்லை. “பகிடி பிறகு. கால் எங்கை விழுது எண்டு ஆராவது பாத்தனீங்களோ? அதைச் சொல்லுங்கோ அவனுக்கு” என்றார். சொன்னார்கள். அடுத்த முறை கேதீஸ் திருந்தியிருந்தார்.

அந்த ஏற்பாடு ஒருவரிடம் மட்டும் பலிக்கவில்லை. அண்ணாவிடம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அண்ணாவின் பந்து மெதுவாகத் தொடங்கியது. அம்பயராக அவர் பக்கத்திலேயே நிற்கிறவன் என்பதால் எனக்கு அது முதலிலேயே தெரிந்தது. கை மேலே வரவில்லை. பந்து குத்தாமல் துடுப்பாட்டக்காரரின் இடுப்புக்குப் போய் விழுந்தது. எங்களோடு வழக்கமாக ஆடும் மொரீசியஸ் தமிழர்கள், அண்ணா புதுப்பந்தைக் கையில் எடுத்ததுமே கைதட்டத் தொடங்கினார்கள். முதல் ஓவரிலேயே பாதி ஆட்டம் போய்விடும். பிறகு மரத்தடியில் அண்ணா தானாகவே நடுவில் போய் இருப்பார்.

“சொல்லுங்கோ.”

“நல்லாப் போட்டியள் அண்ணை. அவனுக்கு அதிட்டம்.”

“காத்து மாறியெல்லே அடிச்சது.”

“பந்திலை நாடா கழண்டிட்டுது. ஆர் அண்ணை ஒட்டினது?”

நாடா ஒட்டியவரைப் பிடித்து அன்றைய விசாரணையை முடிப்பார்கள். மலையில் இருக்கும் ஊர்க்காவல் புனிதை சாந்தா ரொசாலியாவே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் அண்ணாவின் பந்து பிழையென்று ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அண்ணாவும் அண்ணியும் சிஞ்ஞோராவைப் பார்க்க ஒரு பக்கம் திரும்பியதும், மற்றவர்கள் ஏறிய பஸ்ஸில் உண்மையான விசாரணை தொடங்கும். அண்ணா வெறுத்த அதே முதுகுக்குப் பின்னால். நான் பின்னிருக்கையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

“முதல் ஓவரைக் கேதீஸிட்டைக் குடுத்திட்டு அண்ணையை நாலாவதா விட்டால் என்ன?”

“கேதீஸுக்கு ரெண்டு ஞாயிறுக்கு ஒருக்காத்தான் லீவு. அவன் வராத நாள்?”

“அண்டைக்கு யோகன் போடட்டும்.”

“நான் போட்டால் மொரீசியஸ்காரன் எனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவான்” என்றார் யோகன். “விசர்க் கதையை விடுங்கோ. உவருக்கு இனி எந்த ஓவரும் குடுக்கேலாது. நிப்பாட்ட வேணும்.”

“அப்ப நீ சொல்லன்.”

“நானோ? எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்த மனுசன். முகத்திலை எப்பிடி முழிக்கிறது? கேதீஸ் சொல்லட்டும்.”

“என்னையும் அவர்தான் சேர்த்துவிட்டவர்” என்றார் கேதீஸ்.

பஸ்ஸில் இருந்த எல்லோரையும் அவர்தான் சேர்த்துவிட்டவர். பேச்சு அந்த இடத்தில் நிற்கும். அடுத்த ஞாயிறு அதே பஸ்ஸில் அதே இடத்திலிருந்து தொடங்கும். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. இதைவிட வேகமாகக் குவெஸ்தூராவில் வரிசை நகரும்.

அண்ணாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஒருநாள் வீட்டில் நான் வாய் திறக்க, அவர் கையைக் காட்டி மறித்தார்.

“நீ சொல்லாதை. நீ வீட்டாள். அதோடை அம்பயர். உன்ரை கதை கணக்கில்லை.”

“அப்ப நீங்களா நிப்பாட்டுங்கோவன் அண்ணா.”

“நானா நிப்பாட்டினால் அது வேறை. விசாரணை எண்டு ஒண்டு வைச்சிருக்கிறம். அவங்களிலை ஒருத்தன், ஒரே ஒருத்தன், முகத்துக்கு நேரை சொல்லட்டும். அண்டைக்கே பந்தைக் குடுத்திடுவன்.” தோளைத் தடவிக்கொண்டு, “வேலை எடுத்துக் குடுத்தது வாயைக் கட்டவோ?” என்றார்.

அண்ணி சமையலறையிலிருந்து, “ரெண்டு பக்கமும் ஒரே பிடிவாதம். நடுவிலை சோத்துப் பார்சல் கட்டுறது நான்” என்றார்.

அவருடைய தோள் வலி பற்றிப் பஸ்ஸில் பல முடிவுகள் இருந்தன. ஓடிவரும் தூரம் கூடிவிட்டது என்றார்கள். குறைந்துவிட்டது என்றார்கள். வயது என்றார்கள். ஊரிலிருந்து வந்த தைலத்தை ஆளுக்கொரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவரும் வைத்தியரிடம் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பந்துவீச்சு சரியில்லை என்று சொன்னதாகிவிடும் அல்லவா. கிரிக்கெட் மட்டையைத் தன் வாழ்நாளில் பார்த்திராத சிஞ்ஞோராதான், அண்ணா காப்பித் தட்டை இடக்கைக்கு மாற்றுவதைக் கவனித்துத் தன் வைத்தியரிடம் கூட்டிப்போனார். வலி தோளில் இருந்தாலும் நோய் நுரையீரலின் உச்சியில் இருந்தது. புற்றுநோய். கையின் நரம்புகளை அது நெருக்கிக்கொண்டிருந்தது.

இனியாவது உண்மை பேசுவார்கள் என்று நான் நினைத்தேன். நடந்தது அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று, “நீங்கள் வந்துதான் அண்ணை முதல் ஓவர்” என்றார்கள். அவர் இல்லாத ஞாயிறுகளில் புதுப்பந்தைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. பழைய பந்தோடு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அதை ஏதோ மரியாதை போலச் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் கட்டச் சிகிச்சை முடிந்து அண்ணா மைதானத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். தலையில் கம்பளித் தொப்பி. ஆட்டத்தைப் பார்க்க மட்டும் வந்த அவரின் கையில் புதுப்பந்தைத் திணித்தார்கள். மறுத்துப் பார்த்தார், விடவில்லை. எதிரில் துடுப்போடு நின்றவர் மொரீசியஸ் அணித் தலைவர் சிவென். அன்று அவர்கள் கைதட்டவில்லை. அண்ணா நாலடி நடந்து பந்தை விட்டார். அது குத்தாமலே மிதந்து போனது. எந்தக் குழந்தையும் அடிக்கக்கூடிய பந்து. சிவென் துடுப்பை எங்கோ வீசினார். விக்கெட் சரிந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அண்ணா என் பக்கம் திரும்பினார். “இது அவுட்டோ?”

“ஓம்” என்றேன். விதிப்படி அவுட்தான்.

அவர் சிவெனிடம் நடந்துபோய் இத்தாலியனில் ஏன் என்று கேட்டார். சிவென் தரையைப் பார்த்துக்கொண்டு, “நல்ல பந்து, கப்பித்தானோ” என்றார். அண்ணா ஆட்டத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய் நடுவில் இருந்தார். மொரீசியஸ்காரர்களும் வந்து நின்றார்கள்.

“சொல்லுங்கோ.”

“அருமையான போல் அண்ணை.”

“பழைய வேகம் வந்திட்டுது.”

அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். “நான் வருத்தக்காரன், நோயாளி எண்டு என்னை அணியிலை வைச்சிருக்காதேங்கோ. வருத்தக்காரன் எண்டு நிப்பாட்டவும் வேண்டாம். மோசமாப் போடுறன் எண்டு நிப்பாட்டுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன். இனி எத்தினை ஞாயிறு வருவன் எண்டு எனக்குத் தெரியாது.”

யோகன் சோற்றுப் பார்சலைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“குப்பை அண்ணை” என்றார். “இண்டைக்குப் போட்டது குப்பை. போன வருசம் போட்டதும் குப்பை. அதுக்கு முதல் வருசமும் குப்பைதான். உங்கடை முதல் ஓவராலை நாங்கள் தோத்த ஆட்டத்துக்குக் கணக்கில்லை. வேலை எடுத்துத் தந்தவர் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தம். சாப்பாடும் உங்கடை வீட்டுச் சாப்பாடு. என்னண்டு சொல்லுறது? கேதீஸிட்டைக் குடுத்திருக்க வேணும். எப்பவோ குடுத்திருக்க வேணும்.” சொல்லிக்கொண்டே அழுதார்.

அண்ணா கண்ணைத் திறந்தார். “அழாமல் சொல்லு. எதிலை பிழை? ஓடி வாறதிலையோ, பந்தை விடுறதிலையோ?”

“விடுறதிலை. கை காதுக்குக் கிட்ட வரேல்லை.”

“அது வருத்தத்தாலை. அதுக்கு முதல்?”

“அதுக்கு முதலும் வரேல்லை!” என்று கேதீஸ் கத்தினார். அவர் அண்ணாவின் முன் குரல் உயர்த்தியதை அன்றுதான் கண்டேன்.

அதன்பின் எல்லோருக்கும் வாய் வந்தது. ஓடிவரும் தூரத்தில் பிழை என்றார் ஒருவர். ஓட்டமல்ல, புதுப்பந்தைப் பிடிக்கும் விதமே பிழை என்றார் மற்றவர். சிவென் இத்தாலியனில், அண்ணாவின் மூன்றாவது பந்து எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும், தாங்கள் அதற்காகக் காத்திருப்போம் என்று போட்டுக் கொடுத்தார். அண்ணா விட்டுக்கொடுக்கவில்லை. காற்றோடு போட்டால் தன்னைவிட நல்ல ஆள் இந்த அணியில் யார் என்று கேட்டார். பெயர் சொன்னார்கள். தானே வைத்த விதியை மறந்து இடையில் பேசுகிறார் என்று கண்டித்தார்கள். அண்ணி சோறு ஆறுகிறது என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். முடிவில் தோற்றவர் அண்ணாதான். புதுப்பந்தை எடுத்துக் கேதீஸிடம் நீட்டினார்.

“அடுத்த கிழமை முதல் ஓவர் நீ.”

“அடுத்த கிழமை எனக்கு லீவில்லை அண்ணை.”

“அதை நான் கதைக்கிறன்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் மீண்டும் சேர்க்கப்பட்ட பிறகு, அங்கிருந்தே கேதீஸின் சாப்பாட்டுக் கடை முதலாளியோடு தொலைபேசியில் பேசி ஞாயிறு லீவு வாங்கிக் கொடுத்தார். அண்ணா எங்கள் ஆட்களுக்காக இத்தாலியர் ஒருவரோடு பேசியது அதுவே கடைசி. அடுத்த ஞாயிறு கேதீஸ் முதல் ஓவரைப் போட்டார். சுமாராகத்தான் போட்டார். அன்றிரவு கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அதையும் அண்ணாவிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் காரணம் கேட்டார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் அண்ணியும் நானும் பக்கத்தில் இருக்க அமைதியாகப் பிரிந்தார்.

இனி நன்றி. சிஞ்ஞோரா தன் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல நின்று எல்லாம் செய்தார். கட்டிலருகே முறைவைத்து நின்றவர்கள், இறுதிக் கிரியைக்குத் தோள் கொடுத்த மொரீசியஸ் நண்பர்கள், அண்ணிக்குச் சமைத்துக் கொடுத்த வீடுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

யோகனுக்குத் தனியாக. அண்ணா எங்கள் எல்லோரிடமும் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தவர் அவர்.

மற்றவர்கள் அண்ணாவுக்குச் சொன்ன பொய்கள் அன்பினால் வந்தவை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அன்புக்கும் நன்றி. ஆனால் இனி மரத்தடிக்கு வரும்போது அந்தப் பொய்களைக் கொண்டுவர வேண்டாம். கேதீஸின் பந்து இந்த மாதம் முழுவதும் துடுப்பாட்டக்காரரின் காலுக்கே போகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரை நடுவில் இருத்திச் சொல்லுங்கள்.