கூரைமேல் நாற்று

ரங்கூனில் மழை சற்று விட்டிருக்கிறது. பல தேசத்து வீடுகளைக் கட்டி வைத்திருக்கும் தோட்டத்தில், குளிர்நாட்டுப் புல்வீட்டின் முன் நிற்கிறேன். கூரை முழுக்க மண்ணைப் பரப்பிப் புல் வளர்ப்பார்களாம், பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தப் புல் வரிசை பிசகாமல் நிற்கிறது.

ஏணியிலிருந்து சேற்றுக் காலோடு தோட்டக்காரர் மாரிமுத்து இறங்குகிறார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர்.

"என்னங்க, நெல் நாத்து மாதிரி இருக்கே?" என்கிறேன்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. கூரையச் சுத்தமா வச்சுக்கன்னாரு தோட்டத்துத் தொர. களைன்னு நெனச்சு ஒண்ணு விடாமப் பிடுங்கிட்டேன். அந்தப் புல்லுதான் கூரைன்னு மேஸ்திரி அப்புறம் சொல்றாரு! பக்கத்து ஊரு இன்சீன் வயல்லேருந்து நெல் நாத்து கொண்டாந்து நட்டுட்டேன். இப்ப தொர பாக்க வர்றாரு. வேலை போயிடும்ண்ணே."

துரை வந்தேவிட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். மாரிமுத்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

"நல்ல புல்லு! யாரும் வெட்டக் கூடாது!" என்று சென்னையில் கற்ற அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுத் துரை போகிறார்.

பிழைத்தோம் என்று திரும்பினால், மாரிமுத்துவின் முகம் தொங்கிப்போயிருக்கிறது.

"வெட்டக் கூடாதாமே! அப்ப அறுப்பு?"