கட்டின புருசனுக்கே விரல் தூக்கிய இமெல்டா

தூக்கினாள்தான். விரலைத் தூக்கவில்லை என்று யார் சொன்னது? ஆனால் கோபத்தில் தூக்கினாள், பழி தீர்க்கத் தூக்கினாள், கண் தெரியாமல் தூக்கினாள் என்று ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே கதைக்கிறார்களே, அந்த மூன்றும் பொய். "கட்டின புருசனையே அவுட் எண்டு அனுப்பினவள். அந்த மனுசன் இவளோடை என்னண்டு குடும்பம் நடத்துதோ!" என்று இமெல்டாவின் அடுத்த வீட்டுக் குணவதி சொன்னாளாம். குணவதி அன்றைக்கு மைதானத்தில் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். மீதிக் கதை அவளுக்கு வசதிப்படாது.

ஆகவே முதலிலிருந்து கேளுங்கள்.

இமெல்டா மன்னார்ப் பிள்ளை. ரானுயியில் வீடு, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவள் புருசன் எட்வேட் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள் அவன் தொழிலாளி. சனிக்கிழமை மட்டும் தலைவன். 'ரானுயி ராக்கெட்ஸ்' கிரிக்கெட் அணியின் தலைவன்!

அந்த அணி நகரத்தின் ஆகக் கடைசித் தரத்தில் விளையாடியது. அதற்குக் கீழே இன்னொரு தரம் இருந்திருந்தால் அங்கே போயிருக்கும். யாழ்ப்பாணம், மன்னார், தமிழ்நாடு எல்லாம் கலந்த கூட்டம். அரைவாசிப் பேருக்கு முழங்கால் சரியில்லை, மற்ற அரைவாசிக்கு நேரம் சரியில்லை. அந்தக் கோடையின் முதல் ஆட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்பே தோற்றுவிட்டு, சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவதில் மழை காப்பாற்றியது. ஆனாலும் எதிரணிகளுக்கு ராக்கெட்ஸோடு ஆடக் கொள்ளை ஆசை. வெற்றியும் நிச்சயம், இமெல்டாவின் மீன் றோல்ஸும் நிச்சயம். அவள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவாகத்தான் கொடுப்பாள். எட்வேட் முறைத்தாலும் கொடுப்பாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஆள் போதவில்லை. அணியில் ஆடும் மகேசனுக்குத் திடீரென்று ஓவர்டைம். எட்வேட் தொலைபேசியும் கையுமாக அங்குமிங்கும் நடந்துவிட்டு, கடைசியில் கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

"இமெல்டா, இறங்கு. ஒராள் குறையுது."

"உங்களுக்கென்ன விசரே? நான் றோல்ஸ் கொண்டந்தனான்."

ஐடி வேலை பார்க்கும் ரிஷிதான் அணியின் வேகப்பந்து வீச்சாளன், சென்னைப் பையன். அவன் ஓடிவந்து கெஞ்சினான். "ஆன்ட்டி, நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். அந்த மரத்துகிட்ட சும்மா நில்லுங்க. பந்து அங்க வரவே வராது."

வந்தது. எட்வேட்டின் மேலதிகக் காற்சட்டையை இடுப்பில் ஊசி குத்தி நிறுத்திக்கொண்டு நின்றவளை நோக்கி, வானத்தில் ஏறி, சூரியனை மறைத்துக்கொண்டு வந்தது. "விடு, விடு!" என்று எட்வேட் கத்தினான். அவள் விடவில்லை. கட்டிலை விட்டு நழுவும் கிழவர்களை எட்டிப் பிடித்துப் பழகிய கைகள் அவளுடையவை. ஒரு பந்தா பாரம்? பிடித்தாள். பிடித்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் தெருவுக்கு அப்பால் நாயோடு நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கெட்ஸ் அன்றைக்கு வென்றது. எட்வேட் அவளைத் தூக்கப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவளை யார் நிறுத்துவது? வேலை முடிந்து வந்ததும் கராஜ் கூரை மேல் பந்தை எறிவாள், அது உருண்டு விழ ஓடிப் பிடிப்பாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ராக்கெட்ஸ் வெல்ல வெல்ல, ஞாயிறு பூசைக்குப் பிறகு வாய்களும் வேகம் பிடித்தன. "அம்பது வயசிலை காற்சட்டையோடை ஆம்பிளையளுக்கை ஓடித் திரியுறாய் பிள்ளை, வெக்கமா இல்லையோ?" என்று குணவதி முகத்துக்கு நேரேயே கேட்டாள்.

"வாங்கோவன் அக்கா, நீங்களும் ஓடலாம். மரத்தடியிலை இன்னும் இடம் கிடக்கு."

இனித்தான் விஷயம். கடைசித் தரத்துக்கு நடுவர் அனுப்ப மாட்டார்கள். துடுப்பெடுத்தாடும் அணியே தன் ஆட்களில் இருவரை நடுவராக நிறுத்த வேண்டும். கடைசியாக ஆடப் போகிறவருக்கு அதுவரை வேறு வேலை இல்லை, ஆகவே வெயிலில் அதிக நேரம் நிற்பதும் அவரே. ராக்கெட்ஸில் கடைசி ஆள் இமெல்டா. ரிஷியிடம் துருவித் துருவிக் கேட்டு விதிகளைப் படித்தாள். ஆனால் விதியில் இல்லாத வழக்கம் ஒன்று இருந்தது. எல்லா அணியும் அப்படித்தான். நம்மவருக்கு நாமே விரல் தூக்குவதில்லை. விக்கெட் கட்டை பறந்தால் சரி, பிடி வெட்டவெளிச்சமாக இருந்தால் சரி. சந்தேகமான எதற்கும் நடுவருக்குக் காது கேட்காது.

எட்வேட் அதை அவளுக்குச் சொல்லித்தான் விட்டான். "பந்து மட்டையிலை தட்டிக் கிட்டிப் பின்னுக்குப் போனா, சத்தம் கேட்டாலும் அவுட் குடாமல் நில். விளங்குதோ?"

"கேட்டால் குடுப்பன்."

"எல்லாரும் செய்யிறதுதானேயப்பா!"

"கேட்டால் குடுப்பன்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அங்கேதான் அவன் பிழைவிட்டான். வயதான ஒருவர் மூன்றாவது அறையில் முனகினாலும் எழுந்து ஓடுகிற காது அது என்பதை, இத்தனை வருஷம் கூடப் படுத்தவன் மறந்துவிட்டான்.

மாசியில் இரண்டு ஆட்டம் படுதோல்வி. எல்லாம் முடிந்தது என்று எட்வேட் படுத்துவிட்டான். பிறகு ரிஷி ஒரே நாளில் ஏழு பேரை வீழ்த்த, எங்கிருந்தோ புள்ளிக் கணக்குக் கூடிவந்து, ராக்கெட்ஸ் கடைசி ஆட்டத்தில் வென்றால் கேடயம் என்ற நிலைமை! எதிரே கொலின் என்ற ஓய்வுபெற்ற பிளம்பரின் அணி. அன்றைக்கு மைதானத்தோரம் மடக்குக் கதிரைகளும் குடைகளுமாக நிரம்பி வழிந்தது. ஒருவர் மத்தளமே கொண்டுவந்திருந்தார்.

எட்வேட் ஆடினான். என்ன ஆட்டம்! ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் பெட்டி அடுக்குவதுபோல நிதானமாக ஓட்டத்தை அடுக்கினான். வாழ்நாளில் ஐம்பதைத் தொடாதவன் நாற்பத்தெட்டில் நின்றான். வெற்றிக்கு இன்னும் கொஞ்சம்தான். மத்தளம் அதிர்ந்தது. பந்து வீசும் பக்கத்தில் நடுவராக இமெல்டா நின்றாள்.

பந்து வந்தது. எட்வேட் மட்டையை நீட்டினான். சின்னதாக ஒரு 'டிக்'. விக்கெட் காப்பாளரின் கையில் பந்து. கொலினின் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திவிட்டு, வழக்கம் தெரிந்தவர்கள்தானே, கையை இறக்கவும் தொடங்கிவிட்டார்கள். எட்வேட் அசையவில்லை. மனைவியைப் பார்த்தான். அவளுக்கு அவன் முகம் தெரிந்தது. அந்த ஐம்பது அவனுக்கு என்னவென்றும் தெரிந்தது.

விரலைத் தூக்கினாள்.

மத்தளம் நின்றது.

குணவதி சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆட்டம் முடியவில்லையே! அடுத்தடுத்து இரண்டு பேர் போனார்கள். கடைசி ஆள் இமெல்டா மட்டையோடு இறங்க வேண்டும், அவள் இடத்தில் நடுவராக யாராவது நிற்க வேண்டும். நின்றது யார்? கால்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குமுறிக்கொண்டிருந்த எட்வேட்!

எதிர்முனையில் ரிஷி. "ஆன்ட்டி, கண்ணை மட்டும் மூடாதீங்க!" முதல் பந்து எங்கேயோ போனது. இரண்டாவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், அது எல்லைக்கோட்டுக்கே ஓடியது. கூட்டம் எழுந்து ஆடியது. இனி இரண்டே ஓட்டம். அடுத்த பந்தில் மறுபடி அந்தச் சின்ன 'டிக்'. காப்பாளரின் கையில் பந்து. கொலினின் ஆட்கள் கத்தினார்கள். எட்வேட் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினான். கூட்டம் ஆரவாரித்தது.

இமெல்டா மட்டையை அக்குளில் இடுக்கினாள். யாரையும் பார்க்கவில்லை. நடந்து வெளியே வந்தாள்.

ஆட்டம் போச்சு, கேடயமும் போச்சு. கொலின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். மகேசன் தன் தொப்பியை நிலத்தில் அடித்தான். பழி தீர்க்கிறவள் தனக்கே பழி தீர்ப்பாளா? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் சூழ்ந்து நின்று மட்டையில் பட்டதா என்று கேட்டபோது, எட்வேட் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் படவே இல்லை" என்றான். அந்த ஒரு சொல்லுத்தான் ஒக்லாந்து முழுக்க ஓடியது. காருக்குள் இருந்த இமெல்டாவுக்கும் அது கேட்டது. குளிர்காலம் முழுவதும் அவனுக்குச் சோறு போட்டாள், கராஜ் கூரையில் பந்து எறிந்தாள், மழையிலும் எறிந்தாள்.

செப்டெம்பரில் அணிக் கூட்டம் அவள் வீட்டிலேயே நடந்தது. மகேசன் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "அக்கா, இந்தமுறை நீங்கள் சாப்பாட்டைப் பாருங்கோ. விளையாட்டை நாங்கள் பாக்கிறம்." ரிஷி மட்டும், "ஆன்ட்டி இல்லாம நாம ஜெயிச்சதே இல்லையே" என்றான். எல்லோரும் எட்வேட்டைப் பார்த்தார்கள். அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

அந்தக் கிழமையே கொலின் அழைத்தார். அவருடைய அணியில் ஓர் இடம் இருக்கிறதாம். தானாக நடந்து வெளியேறும் ஆளைத் தான் அந்தத் தரத்தில் கண்டதே இல்லையாம். இமெல்டா யோசிக்கக்கூட இல்லை, ஓம் என்றாள்.

பருவத்தின் முதல் சனிக்கிழமை. அவளுக்கென்றே தைத்த வெள்ளைக் காற்சட்டை, ஊசி கீசி இல்லை. தோளில் பை. வெளியே கொலினின் வான் ஹோன் அடித்தது. கதவடியில் எட்வேட் குறுக்கே நின்றான்.

"இமெல்டா. அண்டைக்கு... பட்டது."

"தெரியும்."

"எனக்கு அந்த அம்பது—"

"எனக்கென்னத்துக்குச் சொல்லுறியள்? கார் பார்க்கிலை சொன்னது பொய் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ."

அவன் தொலைபேசியை எடுத்து, அணியின் குழுவுக்கே குரல் பதிவு போட்டான். சொன்னான்: "மகேசன், எல்லாரும் கேளுங்கோ. எனக்குப் பட்டது. இமெல்டா குடுத்தது சரி. பொய் சொன்னது நான்." சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவள் முகத்தைப் பார்த்தான். "இப்ப எங்களோடை வாறியே?"

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. "வாக்குக் குடுத்திட்டன், ஏலாது. ரண்டு கிழமையிலை உங்களோடைதான் எங்களுக்கு மட்ச். கவனம், நான் விக்கெட்டுக்குக் கிட்டத்தான் நிப்பன்."

"அப்ப இண்டைக்கு எங்கடை சாப்பாடு?"

"றோல்ஸ் ஃப்ரீசரிலை கிடக்கு. நீங்களே பொரியுங்கோ."

அவன் விலகி, அவளுக்காகக் கதவை அகலத் திறந்தான். வான் மறுபடியும் ஹோன் அடித்தது. அடுத்த வீட்டுச் சன்னலில் திரை விலகியது, யாரென்று சொல்லவும் வேண்டுமா? இமெல்டா அந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, படியிலிருந்து துள்ளி இறங்கி ஓடினாள்.