திரு. ஜமீல் என்று ஒருவர் இல்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. பசியாறிவிட்டுச் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஜமீலாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, வீட்லயா இருக்கீங்க?"

"ஆமா. நீ இந்நேரம் ஜொகூர்ல இருக்கணுமே?"

"உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல நிறுத்திட்டாங்கக்கா. பாஸ்போர்ட்டைப் போட்டதும் என் பேர்ல வாரண்ட் இருக்குன்னு காட்டுச்சாம். இப்ப போலிஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஜாமீனுக்கு ஒரு ஆள் வேணும்... நீங்க வர முடியுமா?"

ஜமீலா, தெம்பனிஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். லிட்டில் இந்தியாவில் சின்னதாக ஒரு கேட்டரிங் கடை வைத்திருக்கிறாள். சமைப்பதும் அவள்தான், வேனில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். அன்றைக்கு அவளுடைய தங்கை மகளுக்கு, எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நிக்காஹ். தங்கை வேலைக்குப் போன வருடங்களில் அந்தப் பெண்ணைப் பாதி வளர்த்தவள் ஜமீலா.

எதற்கு வாரண்ட் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் காரணமே நான்தான்.

சில மாதங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டில் விருந்து. எங்கள் மாடிக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். சாப்பாட்டுக்கு நடுவே, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள்.

"அக்கா, எனக்கு சம்மன் வந்திருக்கு. பேரைப் பாருங்களேன்."

விரைவுச்சாலையில் வேகமாக ஓட்டியதற்கான அபராதக் கடிதம். ஜமீலா பீவி என்று இருக்கவேண்டிய இடத்தில் 'திரு. ஜமீல்' என்று இருந்தது. யாரோ தட்டச்சில் தடுக்கிவிழுந்து, அவளை ஆணாக்கிவிட்டார்கள்.

"ஓட்டுனது நான்தான்," என்றாள். "அன்னிக்கு ஆர்டர் லேட்டாயிடுச்சுன்னு அமுக்கிட்டேன். நாளைக்கே கட்டிடலாம்னு இருக்கேன்."

அதோடு நான் விட்டிருக்கலாம். விட்டேனா?

சுற்றிலும் ஆட்கள். வயிறு நிறைந்த, சிரிக்கத் தயாரான முகங்கள். என்னைப்போல் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு இதைவிட ஆபத்தான இடம் வேறு உண்டா?

"எதுக்குக் கட்டுற?" என்றேன். "திரு. ஜமீல்னு ஒரு ஆளே இந்த உலகத்துல இல்ல. இல்லாத ஆளு எப்படி வண்டி ஓட்டுவாரு? பேர் தப்பா இருந்தா கேஸே நிக்காது. பேசாம விடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவர் சலீம் மட்டும், "ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடலாமே லா," என்றார்.

"கேட்டா திருத்தி அனுப்பிடுவாங்க, சலீம்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

கவனித்தீர்களா? அது திருத்தக்கூடிய பிழை என்பது எனக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் சொன்னேன். எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தேன்? எதிலும் இல்லை. எப்போதோ வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கதை... எந்த நாட்டுக் கதை என்றுகூடத் தெரியாது.

பிறகு நினைவூட்டல் கடிதம் வந்திருக்கிறது. கோர்ட்டுக்கு வரச்சொல்லியும் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அதே ஜமீல். சலீம் ஒவ்வொரு முறையும் கவலைப்பட்டாராம். "அக்கா பேப்பர்ல எழுதுறவங்க. தெரியாமலா சொல்லுவாங்க?" என்று ஜமீலா அவர் வாயை அடைத்திருக்கிறாள். இதெல்லாம் சலீம் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானோ அந்தக் கடிதத்தை அன்றிரவே மறந்துவிட்டேன். ஜோக் சொன்னவர்களுக்கு அதன் பிறகு என்ன வேலை?

ஸ்டேஷனுக்குப் போனேன். கல்யாணப் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு, சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சலீமையும் பிள்ளைகளையும் வேனோடு ஜொகூருக்கு அனுப்பிவிட்டிருந்தாள். கல்யாணச் சாப்பாடு அந்த வேனில்தான் இருந்தது. "நான் இல்லாட்டியும் சாப்பாடு போயாகணும்," என்றாளாம். தான் பின்னாலேயே பஸ்ஸில் வருவதாக மட்டும் தங்கையிடம் சொல்லச் சொன்னாளாம்.

அங்கிருந்த அதிகாரி ஓர் இளம் தமிழ்ப் பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பேர்ல மிஸ்டேக் இருக்குதான் மேடம். ஆனா ஐசி கார்டு நம்பர், வண்டி நம்பர் எல்லாம் சரியா இருக்கே. லெட்டரும் உங்க வீட்டுக்குத்தானே வந்துச்சு? ஏன் ஒண்ணுக்குமே பதில் போடல?"

ஜமீலா என் பக்கம் திரும்பவே இல்லை.

"கவனிக்காம விட்டுட்டேன்."

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். "நான் சொல்லித்தான் விட்டாள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. கைப்பைக்குள் என் அடையாள அட்டையை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டை என் இடது கையில் இருந்தது.

கேஸ் முடியும்வரை பாஸ்போர்ட் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஜாமீன் வேலை முடியக் காத்திருந்தபோது அவள் ஃபோன் அடித்தது. தங்கை. கல்யாண மண்டபத்தின் இரைச்சல் எனக்கும் கேட்டது.

"எங்கக்கா இருக்கே? நிக்காஹ் நடத்த ஹஸ்ரத் வந்துட்டாரு. பொண்ணு, பெரிம்மா வராம முடியாதுன்னு அழுவுறா."

"பாலத்துல ஒரே ஜாம்லா. நகரவே மாட்டேங்குது. நல்ல நேரத்தைத் தள்ளாதீங்க, ஆரம்பிங்க. நான் வந்துடுறேன்."

ஜமீலா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஃபோனை வைத்துவிட்டு, தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கோர்ட். நானும் போனேன். போகாமல் இருக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அரசுத் தரப்பு எழுந்து, பெயரைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டது. நீதிபதி தலையசைத்தார். அவ்வளவுதான். நான் மலையாக்கிக் காட்டிய பிழை, ஒருவர் தும்மி முடிப்பதற்குள் இல்லாமல் போய்விட்டது.

நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். எந்த வண்டி, எந்தச் சாலை, எந்த நாள் என்று புரியாதபடி கடிதம் உங்களைக் குழப்பியிருந்தால் அது வேறு. உங்களுக்குக் குழப்பம் இருந்ததா?

"இல்லங்க. என் வண்டிதான். நான்தான் ஓட்டினேன்."

அப்படியானால் ஏன் வரவில்லை?

"தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்."

இரண்டாவது முறையாக என்னைக் காப்பாற்றினாள். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அபராதத்தோடு, வராமல் இருந்ததற்குக் கண்டிப்பும் சேர்ந்தது. முதல் கடிதத்துக்கே கட்டியிருந்தால் அவள் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் சொன்னேன்.

"ஜமீலா, எல்லாம் என்னாலதான். என்னை மன்னிச்சிடும்மா."

அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"கேட்டது நான்தானேக்கா," என்றாள். பிறகு, "நிக்காஹ் வீடியோ அனுப்பியிருக்காங்க. இன்னும் திறந்து பாக்கல," என்றாள்.

'பரவாயில்லை' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பேன். எனக்கு அதுதான் வசதி.

யோசித்துப் பார்க்கிறேன். நமக்கு ஒரு தவறு என்றால், எதிராளியின் காகிதத்தில் ஒரு எழுத்துப்பிழை கிடைக்காதா என்றுதானே முதலில் தேடுகிறோம்? ஜமீலா தேடவில்லை. ஓட்டினேன், கட்டுகிறேன் என்று வெள்ளையாகச் சொன்னவளுக்குத் தேடக் கற்றுக்கொடுத்தது நான். அதுவும் ஒரு கைதட்டலுக்காக.

அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்துபோனார்கள். எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வழக்கமாக ஜமீலா கதவைத் தட்டி, "வாங்கக்கா, சாப்பிட," என்பாள். அன்று தட்டினாள். தட்டை நீட்டினாள். "உள்ள நிறைய ஆளுங்க இருக்காங்க," என்றாள். நான் புரிந்துகொண்டேன். சலீம் லிஃப்ட்டில் பார்த்தால் இப்போதும் சிரிக்கிறார், கொஞ்சம் சுருக்கமாக.

போன ஞாயிறு சிராங்கூன் சாலையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவராம், ஒருவர் அருகில் வந்தார்.

"மேடம், பார்க்கிங் சம்மன்ல தேதி தப்பாப் போட்டிருக்காங்க. அது செல்லாதுதானே?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சும்மா சொல்லாதீங்க மேடம். உங்களுக்குத் தெரியாதது இருக்கா?"

இல்லைங்க, நிஜமாகவே தெரியாது என்று மறுபடியும் சொல்லிவிட்டு, வெண்டைக்காயோடு நகர்ந்துவிட்டேன்.

ஆனால் அவர் சொன்னது கேட்க இனிப்பாகத்தான் இருந்தது... அதுதான் வெட்கம்.