ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்

ஜெஸியப் பத்திச் சொல்லணும்னா அவ குரலப் பத்தித்தான் மொதல்ல சொல்லணும். இன்னைக்கு எங்க ஆஸ்பத்திரி மைக்குல அவ பேசுனா மூணு மாடிக்கும் கணீர்னு கேக்கும். வேலைக்குச் சேந்த புதுசுல அது பூனைக்குட்டி கத்துத மாதிரி இருந்துச்சு. அந்தக் குரல வளத்த கதையத்தான் சொல்லுதேன். வளத்ததுன்னு சொல்லவே எனக்கு வாய் கசக்கு.

நான் பேராச்சி. தென்காசியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரெண்டாவது மாடி வார்டப் பெருக்கித் தொடைக்கிறவ. ஜெஸி எங்க இலத்தூர்க்காரி, எங்க தெருதான். பன்னெண்டு முடிச்சா, மேல படிக்க வழியில்ல, வார்டு கிளார்க் ட்ரெயினிங்னு வந்து சேந்தா. வார்டு கிளார்க்னா நர்சும் இல்ல, டாக்டரும் இல்ல. கவுண்டர்ல நின்னு ஃபைல் பாக்கணும், லேப் ரிப்போர்ட்டச் சேக்கணும், போன் எடுக்கணும், டிஸ்சார்ஜ் போடணும், மைக்குல ஆளக் கூப்பிடணும். எல்லாத்துக்கும் மேல பாஸ் இருக்கே! ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான். கூட இருக்க அட்டெண்டர் கழுத்துல தொங்கவிடுத பச்சை அட்டை. எமனத் தவிர வேற யாரும் அது இல்லாம மாடியேற முடியாது.

சொல்லிக்குடுத்தது சீனியர் கிளார்க் சொக்கம்மா. நாக்குல தேள வச்சிருக்கவ. "மொகத்தப் பாக்காத, பேப்பரப் பாரு. மொகத்தப் பாத்தா பாஸத் தூக்கிக் குடுத்துருவ"ன்னு மொத நாளே சொல்லிட்டா. ட்ரெயினிங் முடியிறவரைக்கும் நாற்காலி கிடையாது, நின்னுக்கிட்டேதான் வேல. மைக்குல குரலு நடுங்குச்சுன்னா வார்டே வேடிக்கை பாக்க, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பா. பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும். "அழணும்னா வீட்டுக்குப் போட்டி. போயி உங்கம்மாகூட தக்காளி பொறுக்கு"ம்பா.

ஒருநா அச்சன்புதூர்க்காரி ஒருத்தி வந்து நின்னா. மவன் ஆப்பரேஷன் முடிஞ்சு கெடக்கான், பாஸ் மருமவட்ட இருக்கு, அவ எறங்கி வரமாட்டேங்கா, ஒருதடவ பாத்துட்டு வந்துருதேன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சுதா. ஜெஸி பேப்பரப் பாத்துக்கிட்டே, "பாஸ் இருந்தா வாங்கம்மா"ன்னா. அந்தப் பொம்பள போனதும் சொக்கம்மா பையில இருந்து ஒரு முறுக்க எடுத்து நீட்டி, "இப்பதாண்டி நீ கிளார்க்கு"ன்னா. இவளும் அத வாங்கித் தின்னா. எனக்கு வாரியலத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிரலாம் போல இருந்துச்சு.

அவ அம்மா உலகம்மை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல ஞானதுரை அண்ணாச்சி கமிஷன் கடையில தக்காளி தரம் பிரிக்கப் போனவ. அண்ணாச்சிக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் உண்டு. உண்டுன்னா என்ன, இவளுக்கும் இலத்தூர்ல ஒரு வீடு பாத்துக் குடுத்தாரு. நெத்தி நெறையக் குங்குமம் வைக்கிற உலகம்மைக்கு ஜெஸின்னு ஒரு பிள்ள. பேரு வச்சது அவருதான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு காய்கறிப் பையோட வருவாரு. பிள்ள மடியில ஏறி மீசையப் பிடிச்சு இழுக்கும். பெரிய வீட்டு மவன் ஜோயல் தலையெடுத்ததும் தெருவுல வந்து நின்னு சத்தம் போட்டான். அதோட அண்ணாச்சி வரத்து நின்னுட்டு. உலகம்மை ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்கும் அவரப் பத்திப் பேசுனா "மொதலாளி"ம்பா.

போன ஆடியில, சாரல் நல்லா அடிச்சு குற்றாலத்துல கூட்டம் நெரியுத சமயம், மொதலாளிக்கு நெஞ்சுவலி. கொண்டுவந்து போட்டது எங்க வார்டுலதான். பாஸ் அவரு சம்சாரம் பெர்சிஸ் கழுத்துல. அட்மிஷன் போட்டது ஜெஸி. மொகத்தப் பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்தா.

உலகம்மைக்குச் சொன்னது நாந்தான். ட்ரெயினிங் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி ஹாஸ்டல், அங்க சோறு வாயில வைக்க வெளங்காது. அதனால தெனமும் மத்தியானம் உலகம்மை பஸ் ஏறி வந்து, கேட்டுல என் கையில தூக்குச்சட்டியக் குடுத்து, "பிள்ளைட்ட குடுத்துரு பேராச்சி"ன்னுட்டுப் போவா. அன்னைக்குப் போகல. கேட்டுப் பக்கத்து பெஞ்சுல உக்காந்துட்டா. "ஒரே ஒருதடவ அவரு மொகத்தப் பாத்துட்டுப் போயிருதேன். வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னா. மறுநாளும் அதே பெஞ்சு, அதே பேச்சு.

ஜெஸிட்ட போய்ச் சொன்னேன். "பேஷண்ட் சரின்னு சொல்லாம பாஸ ஆள் மாத்திக் குடுக்கமுடியாதுக்கா. அடுத்த மாசம் எனக்கு வேல கன்ஃபர்ம். இதுல தப்பு வந்தா எல்லாம் போச்சு"ன்னா. ஆனாலும் பெத்தவளாச்சே, மனசு கேக்கல. கட்டில்கிட்ட போயி குனிஞ்சு, "அம்மா கீழ நிக்கா. உங்களப் பாக்கணும்ங்கா"ன்னு மெல்லச் சொன்னா. அண்ணாச்சி அவளப் பாத்தாரு. தெரியாம எல்லாம் இல்ல, நல்லாத் தெரிஞ்சுது, கண்ணு கலங்குச்சு. அதுக்குள்ள பெர்சிஸ், "யாரு அது? என்ன வேணுமாம்?"ன்னு கேட்டுட்டா.

"கிளார்க் பிள்ள. பாஸ் விசாரிக்கா"ன்னாரு. அப்புறம் ஜெஸிட்ட, "வேற யாருக்கும் பாஸ் வேண்டாம்மா"ன்னாரு.

"சரி சார்"னுட்டு வந்துட்டா.

சாராம்லா, சாரு! பாவி மனுசா, உன் மீசையப் பிடிச்சு வெளையாடுன கை அதுன்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துட்டு. தொடைக்கிற வாளிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன். ஜெஸி ஃபைல் அடுக்கிக்கிட்டு நின்னா.

ஞாயித்துக்கிழமை அவருக்குக் கொஞ்சம் தேறிட்டு. பாக்க வந்த சென்னைச் சொந்தக்காரங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு ஐந்தருவியில குளிக்காமப் போகவான்னாங்க. பெர்சிஸும் ஜோயலும் அவங்களோட கார்ல ஏறிட்டாங்க. பாஸும் கைப்பையோட அருவிக்குப் போயிட்டு.

மத்தியானம் திரும்பவும் வலி. டாக்டர் ஓடிவந்தாரு. "சொந்தக்காரங்களக் கூப்பிடுங்க, தாங்காது"ன்னாரு. ஜெஸி போன் போடுதா, மணி அடிச்சுக்கிட்டே கெடக்கு. அருவிக்குள்ள போனத் தூக்கிக்கிட்டு யாரு நிப்பா? அடுத்தது மைக்குதான்.

"ஞானதுரை அட்டெண்டர் எங்கிருந்தாலும் ரெண்டாவது மாடி கவுண்டருக்கு உடனே வரவும்."

நான் அப்ப குப்பைக்கூடையோட கேட்டுல நிக்கேன். அந்தப் பேரு காதுல விழுந்ததும் உலகம்மை எந்திரிச்சுட்டா. முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு ரெண்டெட்டு வச்சா. வாட்ச்மேன், "நீங்க அட்டெண்டராம்மா?"ன்னான்.

"இல்லய்யா. சும்மா இருக்கேன்"னா. திரும்பப் போயி உக்காந்துட்டா.

"ஏட்டி கூறுகெட்டவளே, ஆமான்னுட்டு ஏறு!"ன்னேன்.

"பிள்ளைக்கு வேல போயிரும் பேராச்சி"ங்கா.

கூடைய அங்கனயே போட்டுட்டு மாடிக்கு ஓடுனேன். ஜெஸி காதுல போயி, "உங்கப்பன் போகப்போறான்டி. உங்கம்மா கீழதான் இருக்கா. ஒரு வார்த்த சொல்லு, வாட்ச்மேன் விட்டுருவான்"னேன். சொக்கம்மா பக்கத்துலயே நிக்கா. ஜெஸி என்னயப் பாக்கல. பேப்பரப் பாத்துக்கிட்டே மைக்க எடுத்து, அதே வார்த்தையத் திரும்பச் சொன்னா. குரலு நடுங்கவே இல்ல.

"இதாண்டி குரலு! கத்துக்கிட்டியே"ன்னு சொக்கம்மா அவ முதுகுல தட்டுனா. மூணாவது தடவ கூப்பிடும்போது அண்ணாச்சி உயிரு போயிட்டு.

பெர்சிஸ் ஈரத் தலையோட வந்து விழுந்து அழுதா. ஜோயல் பில் கட்டப் போனான். நான் அண்ணாச்சி உடம்பு கெடந்த வண்டியத் தள்ளிக்கிட்டு கீழ வந்தேன், பக்கத்துல பெர்சிஸ், பின்னால ஃபைலோட ஜெஸி. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளிய நிக்கு. உலகம்மை பெஞ்ச விட்டு எந்திரிச்சு வந்துட்டா. இனி அவரு பேஷண்டும் இல்ல, பாஸும் வேண்டாம். மூடுன துணிய விலக்கிருவோம்னு நான் கைய வச்சேன்.

"ஏ ஆயா, எதுக்குத் தொறக்க? யாரு இவ?"ன்னா பெர்சிஸ்.

உலகம்மை மவ மொகத்தப் பாத்தா. ஒரு பேச்சு, தெரிஞ்சவங்கன்னு ஒரே ஒரு பேச்சு போதும்.

"யாரும் இல்ல மேடம்"ன்னா ஜெஸி. கண்ணு ஃபைல்லதான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வழி விடுங்க."

உலகம்மை தள்ளி நின்னு வழி விட்டா. ஆம்புலன்ஸ் போயிட்டு.

மறுநாள் சோறு வராதுன்னுதான் நெனச்சேன். பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க? வழக்கமான நேரத்துக்கு வந்து தூக்குச்சட்டிய நீட்டுதா. "கிளார்க்கம்மாட்ட குடுத்துரு பேராச்சி"ன்னா.

கொண்டுபோயி கவுண்டர்ல வச்சேன். ஜெஸி மொத தடவையா பேப்பர விட்டுத் தலையத் தூக்கி, "அம்மா ஏதும் சொன்னாளாக்கா?"ன்னு கேட்டா.

"கிளார்க்கம்மாட்ட குடுக்கச் சொன்னா"ன்னேன்.

அவளுக்கு நாற்காலி குடுத்து ஒரு வருசம் ஆகப்போகுது. இன்னைக்கும் சோறு வருது. இன்னைக்கும் உலகம்மை அப்படித்தான் சொல்லிக் குடுக்கா.