படகு ஓடாத தலை

மூளைக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பயிற்சியை முறையாகச் செய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் கம்பெனியில் அது நடந்த லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியைத் தாண்டி, ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டைப் அடிக்க வேண்டும். சில டாக்டர்கள் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். சிலர் கொட்டாவிக்கு நடுவில் மருந்துப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஓர் எழுத்து தப்பினாலும் எங்களுக்குத்தான் திட்டு விழும்.

என் பக்கத்து சீட்டில் தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கம்பெனிக்குப் பின்தெருவில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிடச் சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். யாருக்கும் விளங்காத டாக்டரை நாங்கள் அவளிடம்தான் கொண்டுபோவோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்பாள், மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். அப்படி ஒரு காது எங்கள் மாடியில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் சேர்ந்து ஒரு வருடம் ஆகாததால் அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டை கட்டிய ஒரு கன்சல்டன்டை மேனேஜர் கூட்டிவந்தார். கவனத்தைக் கூட்டி, மன அழுத்தத்தைக் குறைப்பாராம். தலையில் பசை தடவிக் குட்டிக் குட்டிக் கிண்ணம் மாதிரி வில்லைகளை ஒட்டுவார். அதிலிருந்து கம்பிகள் லேப்டாப்புக்குப் போகும். மூளை அமைதியாகவும் கவனமாகவும் இருந்தால் திரையில் ஒரு படகு ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். படகை ஓட்டி ஓட்டி மூளை தானாகவே பழகிக்கொள்ளும் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். மேனேஜருக்குத் தலையில் பெயருக்குத்தான் முடி. அவர் உட்கார்ந்ததுமே படகு பறந்தது. "லீடர்ஷிப் பிரெய்ன்" என்றார் கன்சல்டன்ட், மேனேஜருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. தினமும் ஷாம்பு போட்டுக் குளிக்கிற, முடியைக் கத்தரித்துக்கொண்ட எனக்கும் ஓடியது. அவளுக்கு அசையவில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த வேறு இரண்டு மூன்று பெண்களுக்கும் அதே கதிதான். சின்ன ஊர்ப் பெண்களுக்கு மனசு கொஞ்சம் அலைபாயும், எக்ஸ்போஷர் போதாது என்று அவர் எங்கள் எதிரிலேயே சொன்னார். நாக்கு கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

"உங்க பிரெய்ன் ஓவரா ஓடுதும்மா. ஹீட் ஆயிடுது. கூல் பண்ணணும்" என்று அவளிடம் சொல்லி, வாராவாரம் திங்கட்கிழமை வரச் சொன்னார். பயிற்சி முடிந்ததும் அவர் என்ன சொல்கிறாரோ அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் செய்வோம் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக அவள் அடித்த ரிப்போர்ட் எல்லாம் எங்கே போயிற்று? கேட்க ஆளில்லை.

அவள் வீட்டுக்குப் போன் போட்டு அழுதாள். மூளை சூடாகிறது என்றால் எந்த அம்மாதான் என்ன சொல்வாள்? தலைச்சூடு தணிய, எப்பவும் வைக்கிறதைவிட நல்லா எண்ணெய் வை என்றாள். இவளும் திங்கட்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெயை உச்சியில் வழிய வழியத் தேய்த்து, இழுத்துப் பின்னிக்கொண்டு வந்தாள். படகு நகரவில்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள். எப்போதாவது இரண்டு முழம் நகர்கிற மாதிரி நகர்ந்து நின்றுவிடும். தனக்குத் தெரிந்த மருந்துப் பெயரைக்கூட இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்து, பிறகு என்னிடமும் காட்டிச் சரிதானா என்று கேட்க ஆரம்பித்தாள்.

"எனக்கு மூளையில என்னமோ கோளாறுக்கா" என்றாள் ஒரு நாள் கேன்டீனில். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

பயிற்சி நடந்தது கண்ணாடி அறையில், என் சீட்டுக்கு நேர் எதிரே. அடுத்த திங்கட்கிழமை டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்சல்டன்ட் வில்லையை ஒட்டினார், அது வழுக்கியது. அமுக்கினார், மறுபடி வழுக்கியது. விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்த விரலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. எண்ணெய்! வில்லை தோலில் ஒட்டவே இல்லை, பிறகு அவள் மூளை எப்படிக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்? கையில் பிசுபிசுத்தது, மூக்குக்கும் எட்டியது, அப்போதுகூட அந்த ஆளுக்கு உறைக்கவில்லை. தோலை நன்றாகத் துடைத்து, வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் தொடங்க வேண்டும் என்று பின்னாளில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். அதுதான் பாலபாடமாம்.

பயிற்சியின் கடைசித் திங்களுக்கு முதல் நாள், அவளை லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சர்ச்சிலிருந்து வந்த கையோடு வெந்நீர் போட்டு, ஷாம்பு பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

"எண்ணெ போறவரைக்கும் தேய். நாளைக்கு ஒரு சொட்டு வெக்கக் கூடாது."

"சூடு ஏறிடும்க்கா. நாளைக்கும் ஓடலன்னா வேலையே போயிடும்."

"எண்ணெ இருக்கறதாலதான் ஓடல. நான் சொல்றத கேளு மா."

அரை மனதாகத்தான் குளித்தாள். மறுநாள் வில்லை பச்சக்கென்று ஒட்டியது. படகு ஓடியது பாருங்கள், மேனேஜர் படகு தோற்றது! கன்சல்டன்ட் கை தட்டினார். மேனேஜரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார். "பிரேக்த்ரூ! இத்தனை வாரமா கொடுத்த டிரெய்னிங் இன்னைக்கு வொர்க் ஆயிருக்கு" என்றார். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"சார், டிரெய்னிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தனை நாளா தலையில எண்ணெ இருந்துச்சு. நேத்து ஷாம்பு போட்டோம். அவ்ளோதான்."

கன்சல்டன்ட் என்னைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "இது சயின்ஸ் மா. எண்ணெய்க்கும் மைண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அத நீங்கதான் சார் மொதல் நாளே யோசிச்சிருக்கணும்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "சும்மனே இரும்மா. வேலை கன்ஃபர்ம் ஆச்சு இல்ல? சந்தோஷப்படு."

அத்தோடு முடித்துவிட்டார்கள். மற்றப் பெண்களுக்கும் எண்ணெய் இல்லாமல் ஒரு தரம் பாருங்கள் என்று சண்டை போட்டேன். நேரமில்லை என்றார்கள். பிறகு கன்சல்டன்ட் அடித்த நோட்டீஸில், படகை ஓட்டிய பெண் என்று இவள் கதைதான் முதலில் இருந்தது. படித்ததும் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவளுக்குப் பிறவியிலிருந்தே இருந்த கவனத்தை இல்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு, தான் போட்ட பிச்சை மாதிரி திருப்பிக் கொடுத்திருக்கிறானே, இவன் நன்றாக இருப்பானா?

படகு ஓடிய அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் அவளிடம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் சொன்னேன். உன் மூளைக்கு ஒன்றும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை, அவர் எதையும் சரிசெய்யவில்லை என்றேன். தலையைக் குனிந்தபடியே கேட்டாள். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன்.

"விடுங்கக்கா. அவருதான் சரி பண்ணாரு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லன்னா, ஒண்ணுமில்லாததுக்கா அக்கா நான் இத்தன நாளா பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு அழுதேன்?"