சுற்றறிக்கையின் பின்பக்கம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, யார் எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவள். கணீரென்ற குரல். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புது டாக்டர் வந்த அன்று அந்தப் பெருமையில் மண் விழுந்தது.

"இனிமே ஓட்டோரைனோலாரிங்காலஜின்னுதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

"ஓட்டோ... ரைனோ... லாரி..." அதற்குமேல் நாக்கு நகரவில்லை.

"லாரி எங்கம்மா வந்துச்சு?" என்று ஒருவர் கேட்க, கூடமே கொல்லென்று சிரித்தது.

பக்கத்து நாற்காலியில் அவள் கொழுந்தன் மனைவி. மூன்று மாதம் முன்பு அவளைச் சிபாரிசு செய்து வேலையில் சேர்த்துவிட்டதே மைக்கக்காதான். சின்னவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "இனிமே நீங்களே சொல்லுங்க" என்று டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மைக்கக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வீட்டுக்கு வந்தால் மாமியார், "சின்னவளுக்கு நாக்குல என்ன சுத்தம்!" என்று எரிகிற தீயில் எண்ணெய் விட்டாள். அன்று சின்னவள் தட்டுக்கு அடிப்பிடித்த பாகமாகப் பார்த்துப் போட்டாள் மைக்கக்கா.

மறுநாள் மேசை இழுப்பறையில் பேனா தேடும்போது மடித்த தாள் ஒன்று கிடைத்தது. பெயர் மாற்றம் பற்றி வரவேற்பு மேசைக்குப் பத்து நாள் முன்பே வந்த சுற்றறிக்கை. பின்பக்கம் சின்னவளின் கையெழுத்தில்: ஓட்-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி. 'கா'வுக்குக் கீழே இரண்டு கோடு.

"முன்னாடியே தெரியுமா உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூணு மாசத்துல ஒரு தடவையாவது மைக்கத் தொட விட்டீங்களா அக்கா?"

மைக்கக்கா இழுப்பறையை மூடினாள். தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. துணி காயப்போடும்போது ஒரு கிளிப்புக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பார்த்தாள். 'கா'வில் அழுத்தினால் மிச்சமெல்லாம் தானாக வந்து விழுவது ஐந்தாம் நாள் பிடிபட்டது. திங்கட்கிழமை மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, பிசிறில்லாமல் சொன்னாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் மேசைக்கு வந்து, "அம்மா, காது பாக்குற எடம் எது?" என்றார்.

"அஞ்சாம் நம்பர்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அதன்பின் காலையில் இவள், மதியம் அவள் என்று ஏற்பாடானது. மதியத்தில் மைக்கக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சின்னவளுக்கு ஒரு தடவையாவது நாக்கு புரளாதா என்று. இதுவரை புரளவில்லை.